சுவரில் படமும் தட்டும் மாட்டுவது: ஆணியா, பிளக்கா, ஒட்டும் பட்டையா?

செந்தூல் சுபா:
அனைவருக்கும் வணக்கம். கோலாலம்பூர் செந்தூலில் ஒரு புதுக் கொண்டோவுக்கு (அடுக்குமாடி வீட்டுக்கு) வாடகைக்கு வந்திருக்கிறோம். "துளை போட்டுக்கொள்ளுங்கள், காலி செய்யும்போது அடைத்துச் சாயம் அடித்துக் கொடுத்தால் போதும்" என்று ஓனர் வாட்சப்பில் எழுதியே கொடுத்துவிட்டார். மாட்ட வேண்டியவை மூன்று. தாத்தா பாட்டி படம், பழைய தேக்குச் சட்டம், கண்ணாடி போட்டது, இரண்டடிக்கு மூன்றடி இருக்கும். மகனின் புத்தகங்களுக்கு ஒரு தட்டு. அப்புறம் சாமித் தட்டு. என் கணவர் ஹால் சுவரில் சாதாரண ஆணி அடித்துப் பார்த்தார். ஆணி வளைந்ததுதான் மிச்சம், ஐம்பது காசு அகலத்துக்குப் பூச்சும் பெயர்ந்து விழுந்தது. மகன் அறைச் சுவரில் அதே ஆணி சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டியதுமே இறங்கிவிட்டது, ஆனால் விரலால் இழுத்தாலே கையோடு வருகிறது. ஒரே வீட்டில் இப்படி இருக்குமா? என்ன வாங்கட்டும்?

பட்டர்வொர்த் பாலா:
கான்கிரீட் ஆணி வாங்குங்க லா. ஹார்ட்வேர் கடையில் ஒரு பாக்கெட் சில வெள்ளிதான். எங்கள் வீட்டில் எல்லாப் படமும் அதில்தான் தொங்குகிறது.

கிள்ளான் மணியம்:
பாலா தம்பி, உங்கள் வீடு பழைய தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடாக இருக்கும், செங்கல் சுவர். அங்கே சிறிய படத்துக்கு அது சரி. சுபா வீட்டில் கான்கிரீட் ஆணி அடித்தால் ஒன்று தெறித்துக் கண்ணில் படும், இல்லையென்றால் பூச்சை இன்னும் பெயர்க்கும்.

சுபா தங்கச்சி, ஒரே வீட்டில் இரண்டு மூன்று வகைச் சுவர் இருப்பது இப்போது சாதாரணம். நான் கிள்ளான் பள்ளத்தாக்கில் வீடு புதுப்பிக்கும் வேலை செய்கிறவன். முன்பெல்லாம் செங்கல் அல்லது சிமெண்டு மணல் கல், மேலே பூச்சு, அவ்வளவுதான். புதுக் கொண்டோக்களில் பல இடங்களில் அலுமினிய அச்சு வைத்துச் சுவரையே கான்கிரீட்டாக ஊற்றிவிடுகிறார்கள். சிலவற்றில் வெள்ளை நிற லேசான கல். அறை பிரிக்க ஜிப்சம் பலகை. ஆகவே பிளக் (துளைக்குள் செருகி ஸ்குரூவைப் பிடிக்க வைக்கும் சின்ன உறை) வாங்குவதற்கு முன்னால் சுவர் என்னவென்று பாருங்கள்.

தட்டிப் பார்த்தால் பாதி தெரியும், மீதியைத் தூள் சொல்லும். கதவுக்குப் பின்னால் கண்ணில் படாத இடத்தில் 5 மிமீ டிரில் பிட்டால் ஒரு துளை போடுங்கள், கீழே வெள்ளைத் தாள் ஒன்றை மடித்து ஒட்டிக்கொள்ளுங்கள். பூச்சு இருக்கும் சுவரில் முதல் ஒன்றரை இரண்டு சென்டிமீட்டருக்குப் பூச்சுத் தூள்தான் வரும், அதை வைத்து முடிவு கட்டாதீர்கள். அதற்கப்புறம் செம்மண் நிறத்தில் வந்தால் செங்கல். சாம்பல் நிறத்தில் மணல்மணலாக வந்து பிட்டும் சுலபமாகப் போனால் சிமெண்டு மணல் கல். நைசான சாம்பல் தூள் கொஞ்சமாக வருகிறது, டிரில் கத்துகிறது, பிட் நகரவில்லை என்றால் கான்கிரீட். வெள்ளையாகப் பொலபொலவென்று கொட்டினால் லேசான கல். ஒரு சென்டிமீட்டர் வெள்ளைத் தூள் வந்து, பிறகு பிட் சடக்கென்று வெறும் இடத்தில் விழுந்தால் ஜிப்சம் பலகை.

பார்த்துவிட்டு எழுதுங்கள், மேலே பேசுவோம்.

வயர்மேன் செல்வம்:
துளை போடுவதற்கு முன் ஒரு வார்த்தை. சுவிட்ச், சாக்கெட்டுக்கு நேர் மேலே, நேர் கீழே, நேர் பக்கவாட்டில் பிட்டை வைக்காதீர்கள். மறைத்துப் போட்ட வயர் அநேகமாக அந்தக் கோட்டில்தான் ஓடும். குழாய், வாட்டர் ஹீட்டர் இருக்கும் சுவரும் அப்படித்தான், பின்பக்கம் குளியலறை இருக்கிறதா என்று யோசித்துவிட்டுச் செய்யுங்கள். புதுக் கொண்டோவில் ஏர்கோன் செம்புக் குழாயும் தண்ணீர்க் குழாயும்கூடச் சுவருக்குள் போகும், அதை மறந்துவிடுகிறார்கள். வயர் கண்டுபிடிக்கும் கருவி கடையில் கிடைக்கிறது, ஆனால் மலிவானது பீப் பீப் என்று எங்கே வைத்தாலும் கத்தும். அது கத்தாத இடம் பாதுகாப்பானது என்று நம்பிவிடாதீர்கள்.

செந்தூல் சுபா:
பார்த்துவிட்டோம். ஹால் சுவரில் நைசான சாம்பல் தூள், பக்கத்து வீட்டு டிரில்லைக் கடன் வாங்கி ஐந்து நிமிடம் போராடியும் ஒரு விரல் கணு அளவுகூடப் போகவில்லை. மகன் அறையில் வெள்ளைத் தூள், பிறகு வெறும் இடம். சாமியறைச் சுவரில் மணல்மணலாகச் சாம்பல் தூள்.

பட்டர்வொர்த் பாலா:
மூன்று சாமான், மூன்று சுவர். உங்களுக்கு அதிர்ஷ்டம்தான் அக்கா.

ஜெலுத்தோங் தேவி:
துளையே வேண்டாமே சுபா. ஒட்டும் பட்டை இருக்கிறது, இழுத்தால் வந்துவிடும். நாங்களும் வாடகை வீடுதான். பிள்ளைகளின் ஓவியம், கோயில் காலண்டர், குடும்பப் படம் எல்லாம் அதில்தான். சுவரை ஆல்கஹால் தொட்டுத் துடைக்க வேண்டும், வாசனை கிளீனர் போட்டால் ஒட்டாது. பட்டை இரண்டு பாதி, ஒன்று படத்தில், ஒன்று சுவரில்; ஒட்டி அரை நிமிடம் அழுத்தி, படத்தைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்து மாட்ட வேண்டும். பொறுமை இல்லாமல் உடனே மாட்டுகிறவர்கள்தான் விழுந்துவிட்டது என்று புலம்புகிறார்கள். எடுக்கும்போது நம் பக்கம் இழுக்காமல், சுவரோடு ஒட்டிக் கீழ்நோக்கி மெதுவாக இழுத்தால் அடையாளமே இருக்காது.

கிள்ளான் மணியம்:
தேவி சொன்ன முறை சரி, சாமான்தான் பிரச்சினை. பட்டை பிடித்துக்கொள்வது சுவரை அல்ல, சுவர் மேல் இருக்கும் சாயத்தை. இங்கே வாடகை வீடுகளில் மலிவான எமல்ஷன் ஒரு கோட் அடித்துவிட்டு விடுவார்கள். உள்ளங்கையால் தேய்த்தால் வெள்ளையாக ஒட்டும். அந்தச் சாயத்தில் பட்டை நன்றாகத்தான் ஒட்டும், சாயத்தோடு சேர்ந்து ஓர் இரவு கீழே வரும். மாலை வெயில் விழும் மேற்குச் சுவர் இன்னும் மோசம். காகிதப் படம், காலண்டர் விழுந்தால் எடுத்து மாட்டிக்கொள்ளலாம். கண்ணாடி போட்ட தாத்தா படத்தை அதில் தொங்கவிட நான் சம்மதிக்க மாட்டேன்.

ஜெலுத்தோங் தேவி:
கண்ணாடிப் படத்துக்கு நானும் சொல்ல மாட்டேன் அண்ணே. ஆனால் புதிதாகச் சாயம் அடித்த சுவரில் ஒரு வாரமாவது காத்திருந்து ஒட்ட வேண்டும் என்பதை யாரும் படிப்பதில்லை. அதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

பாயான் லெப்பாஸ் ரவி:
எடையைக் கணக்குப் போட்டுவிட்டுப் பேசினால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

கண்ணாடி ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்குச் சதுர மீட்டருக்கு 2.5 கிலோ. படக் கண்ணாடி 3 மிமீ என்று வைத்தால், இரண்டடிக்கு மூன்றடிக்கு 4 கிலோவுக்குச் சற்று மேல். தேக்குச் சட்டம், பின்பலகை சேர்த்து 7 கிலோ வரும். கண்ணாடியை அக்ரிலிக்காக மாற்றினால் அந்த 4 கிலோ பாதியாகிவிடும், சட்டம் போடும் கடையில் கேட்டால் மாற்றித் தருவார்கள்.

அடுத்தது பின்னால் கட்டும் கம்பி. பலர் அதை விறைப்பாக, கிட்டத்தட்டப் படுக்கையாகக் கட்டி நடுவில் ஒரே ஆணியில் மாட்டுகிறார்கள். பார்க்க நேர்த்தி, ஆனால் கம்பி 10 பாகைச் சாய்வில் இருந்தால் 7 கிலோப் படத்துக்குக் கம்பியின் ஒவ்வொரு பக்கமும் 20 கிலோ இழுவை. பழைய சட்டத்தில் இருக்கும் சின்ன வளையங்கள் முதலில் பிடுங்கிக்கொள்வது இதனால்தான், சுவரில் இருக்கும் ஆணி அப்படியே இருக்கும். கம்பியைத் தளர்த்தி 45 பாகைக்குக் கொண்டுவந்தால் அதே இழுவை 5 கிலோ. கம்பியே வேண்டாம், இரண்டு பக்கமும் வளையம், சுவரில் இரண்டு கொக்கி என்றால் ஆளுக்கு மூன்றரை கிலோ, படமும் கோணாது. என் ஓட்டு அதற்குத்தான்.

தட்டு விஷயம் வேறு. படம் சுவரைக் கீழ்நோக்கி இழுக்கிறது, தட்டு சுவரிலிருந்து பிடுங்கப் பார்க்கிறது. மூன்றடித் தட்டு நிறையப் பாடப் புத்தகம் என்றால் 25 கிலோ சுலபமாக வரும். தட்டின் அகலம் 24 செமீ, எடை நடுவில், அதாவது சுவரிலிருந்து 12 செமீயில். 'எல்' வடிவப் பிராக்கெட்டின் செங்குத்துக் கால் 20 செமீ இருந்தால், மேல் ஸ்குரூக்களின் மேல் வரும் பிடுங்கல் 25 பெருக்கல் 12 வகுத்தல் 20, அதாவது மொத்தம் 15 கிலோ. இரண்டு பிராக்கெட்டில் பாதிப் பாதி. அதே எடையை, பிராக்கெட்டே தெரியாத 'மிதக்கும்' தட்டில் வைத்தால்? உள்ளே இருக்கும் இரும்புக்குச் சுவரில் ஊன்ற இரண்டரை செமீதான் இடம். 120 கிலோ. எட்டு மடங்கு. இணையத்தில் அழகாகத் தெரியும் அந்தத் தட்டுகளில் ஒரு பூச்சாடியும் இரண்டு புத்தகமும் மட்டும் இருப்பதைக் கவனியுங்கள்.

ஆயர் ஈத்தாம் மாலா:
ரவி சார், இந்தக் கணக்கைப் போன மாதமே எழுதியிருக்கக் கூடாதா!

கிள்ளான் மணியம்:
ரவி கணக்கு அருமை. இப்போது சுவர் சுவராகப் போவோம்.

ஹால், கான்கிரீட். கடன் வாங்கிய சாதாரண ஹேமர் டிரில்லோடு மல்லுக்கட்டாதீர்கள். அடியில் பள்ளம் வெட்டிய எஸ்டிஎஸ் பிட் போடும் ரோட்டரி ஹேமர் (சுழன்றுகொண்டே பலமாக இடிக்கும் டிரில்) வேண்டும். கடையில் வாடகைக்குத் தருவார்கள், அல்லது ஒரு ஆளைக் கூப்பிட்டு வீட்டில் உள்ள எல்லாத் துளையையும் ஒரே நாளில் போட்டுக்கொள்ளுங்கள். 6 மிமீ துளை, 6 மிமீ நைலான் பிளக், 4 அல்லது 4.5 மிமீ ஸ்குரூ. பிட் திடீரென்று நின்று இரும்புச் சத்தம் கேட்டால் உள்ளே கம்பி. அழுத்தாதீர்கள், ஓர் அங்குலம் தள்ளிப் போடுங்கள். கான்கிரீட்டில் அந்தச் சின்னப் பிளக் உங்கள் தாத்தா படத்தைப் போல நாலு படத்தைத் தாங்கும்.

சாமியறை, சிமெண்டு மணல் கல். இங்கேதான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். 6 மிமீ பிளக்கின் நீளம் 3 செமீ. பூச்சே 2 செமீ. பிளக்கைச் சுவர் முகத்தோடு சமமாக அடித்தால் கல்லுக்குள் போவது ஒரே ஒரு செமீ, மீதி பூச்சில். ஸ்குரூவை முறுக்கும்போது பிளக் விரிந்து பூச்சு வெடிக்கும், இல்லையென்றால் பிளக் கூடவே சுற்றும். 8 மிமீ பிளக் வாங்குங்கள், 4 செமீ நீளம். ஸ்குரூவைக் கொஞ்சம் மாட்டி, லேசாகத் தட்டி, பிளக்கைப் பூச்சையும் தாண்டிக் கல்லுக்குள் தள்ளுங்கள். ஸ்குரூ நீளம் இப்படி வரும்: பிராக்கெட் 3 மிமீ, பூச்சு 20, பிளக் 40, நுனி வெளியே வர 5. ஆக 70 மிமீ ஸ்குரூ. கடைக்காரர் ஒன்றரை அங்குல ஸ்குரூவை எடுத்து நீட்டினால் வாங்காதீர்கள்.

துளைக்குள் இருக்கும் தூளை ஊதி எடுங்கள், கண்ணை மூடிக்கொண்டு ஊதுங்கள். உறிஞ்சுகுழாய் ஒன்றை உள்ளே விட்டு ஊதினால் அடித்தூள் வரைக்கும் வந்துவிடும். தூள் இருந்தால் பிளக் கடைசிவரை போகாது, போனாலும் பிடிக்காது. துளை பெரிதாகிவிட்டால் சாத்தே சுடும் மூங்கில் குச்சியை ஒடித்துச் செருகுவது நம் ஊர் வழக்கம். படத்துக்குப் பரவாயில்லை, தட்டுக்குச் செய்யாதீர்கள். அதற்கு அடுத்த அளவுப் பிளக்குக்குப் போங்கள்.

மகன் அறை ஜிப்சம் பலகை. அந்தப் பலகையில் புத்தகத் தட்டு வேண்டவே வேண்டாம். மாட்டியே ஆக வேண்டும் என்றால் பலகைக்குப் பின்னால் இருக்கும் இரும்புச் சட்டத்தில்தான் ஸ்குரூ போக வேண்டும். ஃப்ரிட்ஜ் காந்தத்தைச் சுவரில் மெதுவாக நகர்த்துங்கள், ஒட்டும் இடமெல்லாம் பலகையின் ஸ்குரூ தலை, நேர்கோட்டில் வரும். அதுதான் சட்டம். பெரும்பாலும் 40 அல்லது 60 செமீக்கு ஒன்று. ஆனால் அந்தச் சட்டமும் மெல்லிய தகடுதான். தரையில் நிற்கும் ராக் ஒன்று வாங்கி, மேல் முனையை மட்டும் சுவரோடு கட்டுங்கள். எடையைத் தரை தாங்கும், சுவர் சாயாமல் பிடித்துக்கொண்டால் போதும். படம், கடிகாரம் மாதிரி லேசான சாமானுக்கு, பின்னால் போய் இறக்கை விரிக்கும் டாகிள் போல்ட் போடலாம்.

செந்தூல் சுபா:
அண்ணே, ராக்கை ஏன் கட்ட வேண்டும்? அது தானே நிற்குமே.

பாயான் லெப்பாஸ் ரவி:
பிள்ளை இருக்கும் வீட்டில் தானே நிற்கும் என்று விடக் கூடாது. கீழ்த்தட்டில் கால் வைத்து மேலே ஏறும் வயசு. இழுப்பறை அலமாரி மேலே சாய்ந்து சின்னக் குழந்தைகளின் உயிர் போன பிறகு, 2016-இல் அமெரிக்காவில் ஐக்கியா கடைக்காரர்கள் அந்த அலமாரிகளை 2.9 கோடி அளவில் திரும்பப் பெற்றார்கள். ராக்கோடு வரும், சுவரில் கட்டும் பட்டையைப் பெட்டியிலேயே விட்டுவிடுகிறோம், அதை எடுத்து மாட்டுங்கள். இரும்புச் சட்டம் இருக்கும் கோட்டுக்கு நேராக ராக்கை வைத்துக்கொண்டால் வேலை சுலபம்.

லெபோ வாசி:
பினாங்கிலிருந்து. ஜார்ஜ்டவுனில் எங்கள் குடும்பக் கடைவீடு. 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் வந்த பகுதிக்குள்தான் இருக்கிறது. மணியம் அண்ணன் எழுதியதை இங்கே அப்படியே செய்யாதீர்கள். சுண்ணாம்புப் பூச்சு, மென்மையான பழைய செங்கல், தரையிலிருந்து ஏறும் ஈரம். ஹேமரைப் போட்டால் துளையைச் சுற்றிப் பூச்சு கை அகலத்துக்கு உப்பிப் பிரியும். ஹேமரை அணைத்துவிட்டு, குறைந்த வேகத்தில், வெறும் சுழற்சியில் போட வேண்டும். நீளமான பிளக், துருப்பிடிக்காத ஸ்குரூ. பெயர்ந்த இடத்தைச் சிமெண்டு வைத்து அடைக்கக் கூடாது, ஈரம் வெளியேற வழியில்லாமல் பக்கத்துப் பூச்சையும் உப்ப வைக்கும். சுண்ணாம்பையே வைத்து அடையுங்கள்.

பழைய படங்களை எடுத்தபோது ஆணிக்குப் பின்னால் மரக்கட்டை தெரிந்தது. அந்தக் காலத்து ஆசாரிகள் செங்கலைக் குடைந்து ஆப்பு அடித்து அதில் ஆணி இறக்கியிருக்கிறார்கள். சிலது இன்னும் கல்லாக இருக்கிறது, சிலது கறையான் தின்று வெறும் கூடு. ஆகவே பழைய ஆணியை நம்பி மாட்டும் முன் இழுத்துப் பாருங்கள். மாடியில் மரத் தடுப்பு என்றால் தூணில் நேராக ஸ்குரூ போடலாம், ஆனால் முதலில் சின்னத் துளை போட்டுக்கொள்ளாவிட்டால் பழைய மரத்தில் ஸ்குரூவின் தலை அறுந்து போகும்.

ஓய்வு வாத்தியார்:
லெபோ வாசி சொன்ன ஆப்புக்கு மாற்றாகத்தான் பிளக்கே வந்தது. ராலிங்ஸ் என்ற ஆங்கிலேயர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சணல் நாரில் செய்தார், 'ராவல்பிளக்' என்று பழைய ஆட்கள் இன்றும் சொல்வது அவர் பெயரால்தான். இப்போது கடையில் தொங்கும் சாம்பல் நிற நைலான் பிளக் ஜெர்மானியர் ஆர்தர் ஃபிஷர் 1958-இல் கொண்டுவந்தது. கேட்காமலே சொல்லிவிட்டேன், பழக்கதோஷம்.

தஞ்சோங் தோக்கோங் மீனா:
உயரமான மாடியில் இருப்பவர்களுக்கு ஒன்று. 2012 ஏப்ரல் 11 சுமத்ரா நிலநடுக்கத்தில் பினாங்கு அடுக்குமாடிகள் ஆடியது நினைவிருக்கும். வெறும் ஆணியில் சும்மா மாட்டிய படம் ஆட்டத்தில் எகிறிக் கழன்றுவிடும். முனை நன்றாக மேல்நோக்கி வளைந்த கொக்கி, அதில் மூடிய வளையம். கட்டிலின் தலைமாட்டுக்கு மேல் கண்ணாடிப் படமே வேண்டாம் என்பது என் கட்சி. கடற்காற்றுக்குச் சாதாரணக் கொக்கி துருப்பிடித்துச் சுவரில் பழுப்புக் கோடு இறக்கும், ஸ்டெயின்லெஸ் வாங்குங்கள்.

ஆயர் ஈத்தாம் மாலா:
படத்தின் கீழ் இரண்டு மூலையிலும் ரப்பர் பொட்டு ஒட்டுங்கள். இல்லாவிட்டால் காற்றோட்டம் இல்லாமல் பின்னால் பூஞ்சை பிடிக்கும், அதிலும் மழை அடிக்கும் வெளிச்சுவர் என்றால் படத்தின் அட்டையே கறுத்துவிடும். இன்னொன்று, பல்லி. எங்கள் மாமனார் படத்தைத் துடைக்க எடுத்தபோது பின்னால் வரிசையாக முட்டை. இடைவெளி விட்டால் பல்லிக்கு வசதி, விடாவிட்டால் பூஞ்சைக்கு வசதி. நான் பல்லியைத் தேர்ந்தெடுத்துவிட்டேன்.

ஈப்போ ரோடு வேலன்:
இடையில் ஒரு கேள்வி. கொண்டோ ஹாலில் ஊஞ்சல் மாட்ட வேண்டும் என்று மனைவிக்கு ஆசை. சீலிங்கில் நாலு கொக்கி போதுமா?

கிள்ளான் மணியம்:
தம்பி, கேட்காமல் சீலிங்கில் கை வைக்காதீர்கள். சில கட்டடங்களில் தளத்துக்குள் விறைப்பாக இழுத்துக் கட்டிய இரும்புக் கேபிள் ஓடும், அதை அறுத்தால் உங்கள் வீட்டோடு போகாது. நிர்வாக அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். தனியாக நிற்கும் இரும்புச் சட்டத்தோடு ஊஞ்சல் கிடைக்கிறது, அதைக் காட்டி வீட்டில் பேசிப் பாருங்கள்.

செந்தூல் சுபா:
ஆள் வைத்து நேற்று முடித்துவிட்டோம். காலை ஒன்பதுக்குத்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று கார்டு ஹவுஸில் (வாசல் காவலர் அறையில்) சொல்லிவிட்டார்கள், சாயங்காலம் ஐந்துக்குள் நிறுத்தவும் வேண்டும். ஹாலில் முதல் துளையே கம்பியில் மோதியது, ஓர் அங்குலம் தள்ளிப் போட்டோம். படத்தை இரண்டு கொக்கியில் மாட்டினோம். தொலைபேசியில் இருக்கும் மட்டம் பார்க்கும் செயலியைக் காட்டிலும் ஆசாரி கொண்டுவந்த ரசமட்டம்தான் சரியாகச் சொன்னது. சாமித் தட்டு 8 மிமீ பிளக்கில் ஏறிவிட்டது. மகனுக்குத் தரையில் நிற்கும் ராக், மேலே பட்டை கட்டியாயிற்று. கடைசியாக ஒன்று. சாமித் தட்டில் விளக்கு ஏற்றுவதால் ஏதும் கவனிக்க வேண்டுமா? காலி செய்யும்போது துளையை எதை வைத்து அடைப்பது?

வயர்மேன் செல்வம்:
விளக்குக்கு மேலே இன்னொரு தட்டோ, வயரோ, ஒட்டிய அலங்கார விளக்குப் பட்டையோ இருக்கக் கூடாது. எண்ணெய் வழியும் இடத்தில் ஒரு பித்தளைத் தட்டம் வையுங்கள்.

கிள்ளான் மணியம்:
அடைப்பதற்கு: ஸ்குரூவைக் கழற்றிவிட்டுப் பிளக்கைப் பிடுங்கப் பார்க்காதீர்கள், பிடுங்கினால் துளை இரட்டிப்பாகும். சுவர் முகத்தில் இருந்தால் ஒரு தட்டுத் தட்டி உள்ளே தள்ளிவிட்டு, வெள்ளை வால் புட்டியை இரண்டு தடவையாக வைத்து நிரப்புங்கள். ஒரே தடவையில் வைத்தால் காய்ந்து குழி விழும். நைசான சாண்ட்பேப்பரால் தேய்த்து, ஓனரிடம் சாய நம்பரைக் கேட்டு வாங்கிச் சிறிய ரோலரால் தடவுங்கள். தூரிகையால் தொட்டால் அந்த இடம் மட்டும் தனியாகத் தெரியும், டெபாசிட்டில் கழிக்க ஓனருக்கு அது போதும்.